துணியால் ஆக்கும் ஒட்டுச்சித்திரம்

க.பொ.த. (சாதாரண தரம்) – சித்திரம்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• ஒட்டுச்சித்திரம், ஒட்டுத்தையல், துண்டிணைப்பு ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் கூறுவீர்கள்.
• துணியை ஊடகமாகக் கொண்ட முக்கிய ஆக்கங்களைக் காலத்துடன் குறிப்பிடுவீர்கள்.
• கிடைக்கும் துணித்துண்டுகளைக் கொண்டு ஒரு சித்திரத்தை ஒழுங்கமைப்பீர்கள்.
• துணித் தெரிவுக்கான காரணத்தை விடைத்தாளில் தெளிவாக எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

சித்திரம் செலவு கூடிய பாடம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். நிறப்பெட்டி, தூரிகை, சித்திரத்தாள் என்று ஒவ்வொன்றாக வாங்கவேண்டியிருப்பதால் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் ஊடகத்துக்குப் பணம் தேவையில்லை. உடுப்பிட்டியிலோ நெல்லியடியிலோ ஒரு தையற்கடைக்குப் போய்ப் பாருங்கள். மெசினுக்குக் கீழே ஒரு நாளில் சேரும் வெட்டுத்துண்டுகள் உங்கள் வகுப்பு முழுவதற்கும் போதும். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

மலிவானது என்பதற்காக மட்டும் நாம் இதைக் கற்கவில்லை. கடையில் வாங்கிய நீல நிறம் எல்லோருடைய பெட்டியிலும் ஒன்றுதான். ஆனால் அப்பு உடுத்து வெளிறிய நீலச் சாரத்தின் நிறம் வேறெந்தப் பெட்டியிலும் இல்லை. அத்துணி வெயிலில் காய்ந்திருக்கிறது. கிணற்றடியில் அடித்துத் தோய்க்கப்பட்டிருக்கிறது. ஒருவருடைய உடம்போடு இருந்திருக்கிறது. ஆகவே துணியால் சித்திரம் செய்பவர் ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது, “ஏன் இந்தத் துணி?” என்று தம்மையே கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு விடை இருந்தால் அது சித்திரம். விடை இல்லாவிட்டால் அது துண்டுகளின் குவியல். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

2. வரைவிலக்கணம்

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் மூன்று சொற்கள் உள்ளன.

(அ) ஒட்டுச்சித்திரம்: கடுதாசி, துணி முதலியவற்றை ஒரு தளத்தின் மேல் பசையால் ஒட்டி ஆக்கும் சித்திரம். இதனைக் கொலாஜ் என்பர். ஒட்டுதல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

(ஆ) ஒட்டுத்தையல்: ஒரு பெரிய துணியின் மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்து, ஓரத்தை மடித்துத் தைத்தல். இங்கே பசைக்குப் பதில் ஊசியும் நூலும்.

(இ) துண்டிணைப்பு: அடித்தளம் இல்லாமல் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றோடொன்று தைத்து ஒரே துணியாக்குதல். பழந்துணித் துண்டுகளால் வீட்டில் தைக்கும் கால்துடைப்பானும் போர்வையும் இவ்வகையின.

ஒரே ஆக்கத்தில் இவை மூன்றும் கலந்து வரலாம். ஒட்டிய துண்டின் மேல் தையல் ஓட்டுவதில் தடையேதுமில்லை.

3. கோயிற் கலையில் துணி

துணியால் உருவம் அமைப்பது எமக்குப் புதிதல்ல. தேர்த்திருவிழா அன்று தேரின் மேற்பகுதியைச் சுற்றியுள்ள வண்ணச் சீலைகளை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறீர்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பகுதிக் கைவினைஞர்கள் இச்சீலைகளை ஒட்டுத்தையல் முறையில் செய்கின்றனர். தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கும் சீலைக்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய சில நிறங்களே பயன்படும். யாளி, மயில், கிளி, தாமரை முதலிய உருவங்களை வெட்டி எடுத்து அடித்துணியில் தைப்பர். திருவாரூர் ஆழித்தேரின் மரப்பகுதிக்கு மேல் மூங்கிலால் உயரமாகக் கட்டி, அதன்மேல் இத்தகைய சீலைகளைப் போர்த்தி அலங்கரிப்பர்.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் பூரிக்கு அண்மையிலுள்ள பிப்பிலி என்ற ஊரும் ஒட்டுத்தையலுக்குப் புகழ்பெற்றது. பூரி இரத யாத்திரையில் மூன்று தேர்களுக்கும் போர்த்த ஆண்டுதோறும் ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட துணி தேவைப்படுகிறது. ஜகந்நாதரின் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரரின் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரையின் தேருக்குச் சிவப்பும் கறுப்பும் என வகுத்துள்ளனர். கூட்டத்தின் கடைசியில் நிற்பவரும் எந்தத் தேர் எவருடையது என்று நிறத்தைக் கொண்டே அறிவார்.

கவனிக்க: கோயிற் சீலையில் நிறங்கள் குறைவு, உருவங்கள் எளிமையானவை, ஓரங்கள் தெளிவானவை. தொலைவிலிருந்து பார்க்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதால் அவ்வாறு அமைந்தன. “ஏன் இந்தத் துணி?” என்ற கேள்விக்கு இது முதல் விடை.

4. நவீன ஓவியத்தில் துணி

பப்லோ பிக்காசோ 1912 ஆம் ஆண்டில் நீள்வட்ட வடிவான ஒரு சிறிய ஓவியத்தில், நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்ச்சீலைத் துண்டொன்றை ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாக ஓவியத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்தார். நவீன ஓவியத்தின் முதல் ஒட்டுச்சித்திரமாகப் பலரும் குறிப்பிடுவது இதனையே. வரைந்த பொருளும் உண்மைப் பொருளும் ஒரே தளத்தில் அமையலாம் என்பதை இவ்வாக்கம் காட்டியது. அதே ஆண்டில் ஜோர்ஜ் பிராக் கடுதாசித் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்.

இத்தாலிய ஓவியர் அல்பேர்ட்டோ புர்ரி (1915–1995) ஒரு வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றி, 1943 இல் துனீசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போர்க்கைதியாக இருந்தார். அங்கேதான் ஓவியம் வரையத் தொடங்கினார். நாடு திரும்பிய பின் வைத்தியத் தொழிலுக்குப் போகவில்லை. கிழிந்த, ஒட்டுப்போட்ட, தைத்த சாக்குகளைச் சட்டத்தில் விரித்து ஆக்கங்கள் செய்தார். 1950 ஆம் ஆண்டளவில் தொடங்கிய இத்தொடருக்குச் ‘சாக்குகள்’ என்றே பெயரிட்டார். சாக்கின் கிழிசலைக் காயமாகவும், தையலைக் காயத்தின் மேல் போட்ட தையலாகவும் பலர் பார்க்கின்றனர்.

இதனை விளங்கிக்கொள்ள எமது மாணவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2009 இல் யுத்தத்தின் இறுதி மாதங்களில், வன்னியில் இடம்பெயர்ந்திருந்த குடும்பங்கள் பதுங்குகுழிக்கு மண்மூடை தைப்பதற்காகச் சீலைகளை வெட்டின. பட்டுச் சீலைகளும் அதற்குத் தப்பவில்லை. உடுப்பதற்கு நெய்த துணி உயிர் காக்கும் சுவரானது. ஒரு பொருள் தன் பயனை மாற்றும்போது அதன் கருத்தும் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

5. துணியில் கதை சொன்னோர்

ஹரியட் பவர்ஸ் 1837 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். பைபிள் கதைகளை ஒட்டுத்தையலாக அமைத்து ஒரு பெரிய போர்வை செய்தார். 1886 இல் அது ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவ்வூர்ச் சித்திர ஆசிரியை ஜெனி ஸ்மித் அதனை வாங்க விரும்பினார். பவர்ஸ் விற்க மறுத்தார். பின்னர் குடும்பத்தில் கஷ்டம் வந்தபோது, 1891 இல், பத்து டொலர் கேட்டு ஐந்து டொலருக்கு விற்கவேண்டியதாயிற்று. விற்ற பின்னும் அவர் அந்தப் போர்வையைப் பார்ப்பதற்காகவே ஆசிரியையின் வீட்டுக்குப் பல தடவை சென்றார்.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்வையைக் கொடுக்கும்போது பவர்ஸ் அதிலுள்ள பதினொரு கட்டங்களையும் ஒவ்வொன்றாக விளக்கினார். ஆசிரியை எழுதி வைத்தார். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் அந்தப் போர்வையை நாம் விளங்கிக்கொள்வதற்கு அந்தக் குறிப்புகள் பெரிதும் உதவுகின்றன. தாம் செய்த ஒவ்வொரு துண்டுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பலர் கைது செய்யப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் தலைநகர் சந்தியாகோவில் கூடியிருந்து, சாக்குத் துணியின் மேல் சிறு துண்டுகளை வைத்துத் தைத்துத் தம் வாழ்க்கைக் காட்சிகளைச் செய்தனர். ‘ஆர்ப்பியேரா’ என்றால் ஸ்பானிய மொழியில் சாக்குத் துணி. ஆக்கங்களுக்கும் அதுவே பெயராயிற்று. சிலர் காணாமற்போனவரின் சட்டைத் துணியையே வெட்டிச் சேர்த்தனர். 1976 இல் கத்தோலிக்கத் திருச்சபை அமைத்த அலுவலகம் ஒன்று இவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்ப உதவியது. பத்திரிகையில் எழுத முடியாததைத் துணி வெளியே கொண்டு போயிற்று. விற்ற பணத்தில் வீடுகளில் அடுப்பும் எரிந்தது.

6. தேவையான பொருட்கள்

• அடித்தளம்: தடித்த மட்டை. பழைய கலண்டர் மட்டையும் போதுமானது. 40 × 30 சென்ரிமீற்றர் பயிற்சிக்கு ஏற்ற அளவு.
• துணி: பருத்தி, வொயில், பட்டு, சாரத் துண்டு, சீத்தைத் துணி, சாக்கு. நைலோன் துணி இலகுவில் ஒட்டாது, தொடக்கத்தில் தவிர்க்கவும்.
• பசை: மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை. இல்லையெனில் கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்துக் கட்டிபடாமல் கிளறிக் காய்ச்சிய மாப்பசை. மாப்பசையால் ஒட்டியதைக் கரப்பான் அரிக்கும். நெடுநாள் வைத்திருக்கவேண்டிய ஆக்கத்துக்கு வெள்ளைப் பசையே நல்லது.
• கூரான கத்தரிக்கோல், பென்சில், அச்சு வெட்டக் கடுதாசி, ஊசி, நூல்.

முக்கிய குறிப்பு: வெட்டக்கூடாத துணியும் உண்டு. வீட்டுப் பெட்டகத்தில் உள்ள சீலையை எடுக்குமுன் அம்மாவையும் அம்மம்மாவையும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதன் காரணத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் அடுத்த சித்திரத்துக்கு அது கருப்பொருளாகலாம்.

7. செய்முறை

கருப்பொருள்: தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விடுதல்.

படி 1. துணிகளைக் கழுவிக் காயவிடுக. சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து அயன் பண்ணினால் துணி விறைப்பாகி, வெட்டும்போது ஓரம் பிரியாது.

படி 2. துணிகளை மூன்று முறை வகைப்படுத்துக. முதலில் நிறத்தால். பின்னர் கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, மங்கல், நடுத்தரம், கருமை எனத் தொனியால். கடைசியில் கண்ணை முழுவதும் மூடி, விரலால் தடவி, சொரசொரப்பு, மென்மை, வழுவழுப்பு என இழையமைப்பால். மூன்றாவது முறையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துணியை மற்ற ஊடகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுவே.

படி 3. மட்டையில் பென்சிலால் பெரிய பகுதிகளை மட்டும் குறிக்க. கடலும் வானும் சேரும் கோட்டை நடுவில் போடவேண்டாம். பட்டம்தான் பிரதான பொருள் என்பதால் அதனைக் கீழ்ப்பகுதியில் அமைத்து வானத்துக்கு இடம் கொடுக்க.

படி 4. ஒவ்வொரு பகுதிக்கும் துணி தெரிவு செய்து, அருகில் காரணத்தை எழுதுக. உதாரணமாக:

வானம் – பல முறை தோய்த்து வெளிறிய மெல்லிய நீல வொயில். எல்லா இடத்திலும் ஒரே நீலமாக இராததால் பனி மூடிய தைமாத வானம் போல் தோன்றும்.
கடல் – கோடு போட்ட சாரத் துண்டு. கோடுகளைக் கிடையாக வைத்தால் அலையை வரையாமலே அலை வந்துவிடும்.
மணல் – சாக்கு அல்லது காடாத்துணி. சொரசொரப்பு மணலை உணர்த்தும்.
பட்டங்கள் – பளபளப்பான புதிய பட்டு வெட்டுத்துண்டுகள். படத்தில் புதிதாக இருப்பது இவை மட்டுமே. ஆகவே பார்வை முதலில் இங்கே செல்லும். கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், வௌவால் பட்டம் என வடிவங்களை வேறுபடுத்துக.
பட்டவால் – ஓரம் பிரிந்த துணிக்கீலம். பிரிந்த நூல்கள் காற்றைக் காட்டும்.
சிறுவர் – சேட், கால்சட்டைத் துண்டுகள். கண், மூக்கு வேண்டாம். அண்ணாந்த தலையும் பின்னே சாய்ந்த உடலும் போதும்.
பட்டக்கயிறு – ஒட்டவேண்டாம். ஊசியால் ஒரே நீளத் தையலாக இழுக்க. அது விறைப்பாக நிற்கவேண்டும்.

படி 5. கடுதாசியில் அச்சு வெட்டித் துணியில் வைத்து வெட்டுக. நூலோடும் திசையை மாற்றி வெட்டினால் ஒரே துணியே ஒளிபடும்போது இரு தொனிகளாகத் தோன்றும்.

படி 6. எல்லாத் துண்டுகளையும் ஒட்டாமல் அடுக்கிப் பார்க்க. வடமராட்சிக் காற்றுக்குத் துண்டுகள் பறக்கும். சிறு கற்களை மேலே வைக்க. ஒரு நாள் அப்படியே விட்டு மறுநாள் பார்த்தால் குறை தெரியும்.

படி 7. தொலைவிலுள்ளதிலிருந்து அண்மையிலுள்ளதற்கு, பெரியதிலிருந்து சிறியதற்கு என்ற ஒழுங்கில் ஒட்டுக. பசையை மெல்லிய துணியில் பூசாமல் மட்டையில் பூசுக. துணியில் பூசினால் கறை மேலே தெரியும். ஒரு துண்டின் மேல் அடுத்தது அரைச் சென்ரிமீற்றராவது ஏறி நிற்கட்டும்.

படி 8. மேலே பொலித்தீன் விரித்து, பாரமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு விடுக. வெயிலில் காயவைத்தால் மட்டை வளையும்.

8. மாணவர் விடும் பிழைகள்

• பூப்போட்ட துணிகளையே எல்லா இடத்திலும் பயன்படுத்தல். கண் ஓய்வெடுக்க வெறுந்துணியும் வேண்டும்.
• எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவில் வெட்டல். அளவு மாறும்போதுதான் ஆழம் பிறக்கும்.
• மணி, சரிகை, மினுக்கம் ஆகியவற்றைக் காரணமின்றி ஒட்டல்.
• துணியின் மேல் பேனாவால் ஓரக்கோடு போடல். தொனி வேறுபாடு சரியாக அமைந்தால் கோடு தேவைப்படாது.

9. பரீட்சைக்கு இதன் பயன்

பரீட்சை மண்டபத்தில் உங்கள் கையில் இருப்பது நிறமும் தூரிகையுமே. எனினும் துணியோடு வேலை செய்து பழகியவர், பெரிய வடிவங்களை முதலில் தீர்மானிப்பார். தொனியை நிறத்திலிருந்து பிரித்துப் பார்ப்பார். படஒழுங்கமைப்புக்குத் தேவையானவை இவைதாம். இரசனை வினாக்களுக்கு விடை எழுதும்போதும் இப்பழக்கம் கைகொடுக்கும். பின்வரும் வினாவைப் பாருங்கள்.

வினா: ஒட்டுச்சித்திரத்தில் துணியின் தெரிவு எவ்வாறு கருத்தை வெளிப்படுத்துகிறது என்பதை ஓர் உதாரணம் தந்து விளக்குக.

விடை அ: “புர்ரி ஒரு சிறந்த ஓவியர். அவர் சாக்கைப் பயன்படுத்தி மிகவும் அழகான ஓவியங்களைப் படைத்தார். அவை பார்ப்போர் மனதைக் கவருகின்றன.”

விடை ஆ: “புர்ரி கிழிந்து தைத்த சாக்குகளைத் தம் ஆக்கங்களில் பயன்படுத்தினார். சாக்கின் சொரசொரப்பும் மண்ணிறமும் வறுமையை உணர்த்துகின்றன. கிழிசல் காயத்தையும் தையல் சிகிச்சையையும் நினைவூட்டுகின்றன. அவர் போரில் வைத்தியராகவும் கைதியாகவும் இருந்தமையால் இப்பொருள் அவருடைய அனுபவத்துக்குப் பொருந்துகிறது.”

விடை அ-வில் உள்ள வசனங்களை எந்த ஓவியருக்கும் எழுதலாம். விடை ஆ-வில் உள்ளவற்றை இந்த ஓவியருக்கு மட்டுமே எழுதலாம். பொருள் என்ன, அதன் தன்மை என்ன, அது எதை உணர்த்துகிறது, ஏன் பொருந்துகிறது என நான்கு படிகளில் எழுதப் பழகுங்கள்.

10. பயிற்சி

சரியான விடையைத் தெரிவு செய்க.

1. துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து ஒரே துணியாக்குவது
(1) ஒட்டுச்சித்திரம் (2) துண்டிணைப்பு (3) ஒட்டுத்தையல் (4) பத்திக்

2. பிக்காசோ எண்ணெய்ச்சீலைத் துண்டை ஓவியத்தில் ஒட்டிய ஆண்டு
(1) 1886 (2) 1912 (3) 1943 (4) 1950

3. உருளை வடிவில் தொங்கும் கோயிற் சீலை
(1) யாளி (2) விதானம் (3) கொடிச்சீலை (4) தொம்பை

4. ‘ஆர்ப்பியேரா’ ஆக்கங்கள் தோன்றிய நாடு
(1) சிலி (2) இத்தாலி (3) இந்தியா (4) துனீசியா

5. பூரி இரத யாத்திரையில் சிவப்பும் பச்சையுமான சீலை போர்த்தப்படும் தேர்
(1) ஜகந்நாதர் (2) சுபத்திரை (3) பலபத்திரர் (4) இவற்றுள் எதுவுமில்லை

சுருக்கமான விடை தருக.

6. கோயிற் சீலைகளில் நிறங்கள் குறைவாகவும் உருவங்கள் எளிமையாகவும் அமைந்தமைக்குக் காரணம் யாது?
7. ஹரியட் பவர்ஸின் விளக்கங்கள் எழுதி வைக்கப்பட்டமையால் ஏற்பட்ட பயன் யாது?
8. மெல்லிய துணியை ஒட்டும்போது பசையை மட்டையில் பூசுவது ஏன்?

செயற்பாடு

உங்கள் வீட்டில் இனி எவரும் உடுக்காத ஒரு துணியைத் தெரிவு செய்க. அது யாருடையது, எப்போது வாங்கியது, ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அனுமதி பெற்று அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு துண்டொன்றை வெட்டி, அத்துண்டு முக்கிய இடம் பெறும் வகையில் ஒரு சித்திரம் அமைக்க. எழுதிய பத்து வரிகளையும் மட்டையின் பின்புறத்தில் ஒட்டுக.

விடைகள்: 1 – (2), 2 – (2), 3 – (4), 4 – (1), 5 – (3)
6. தொலைவிலிருந்து பார்ப்போருக்கும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால். 7. போர்வையிலுள்ள ஒவ்வொரு கட்டத்தின் கருத்தையும் இன்று நாம் அறிய முடிகிறது. 8. துணியில் பூசினால் பசை ஊறி மேலே கறை தெரியும் என்பதால்.